வேரைப் பார்த்துத் தண்ணீர் ஊற்று

குழாயில் தண்ணீர் வரும் நேரத்துக்குள் குடம், அண்டா, பக்கெட், கடைசியில் சொம்பு வரைக்கும் நிரப்பி வைத்துவிட வேண்டும். வியாசர்பாடியில் எங்கள் தலைமுறை அப்படித்தான் வளர்ந்தது. லாரி வந்தால் வரிசை, அடிபம்பில் வரிசை, வரிசையில் சண்டை. 2019 கோடையில் புழல் ஏரி வறண்டு கிடந்ததை இப்போது கல்லூரியில் படிக்கிற நீங்களும் பார்த்திருக்கிறீர்கள். இப்படி வளர்ந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுப்பதுதான் பாசம். வாசலில் வந்து நிற்பவரை உட்காரச் சொல்லும் முன்பே சொம்பை நீட்டுவோம். அதே கையோடு ஆர்க்கிட் செடியிடமும் போகிறோம். அது செத்துப்போகிறது.

நான் பெரம்பூர் கேரேஜில் வேலை பார்த்து ரிட்டையர் ஆனவன். எம்.கே.பி. நகரில் மொட்டை மாடியில் நிழல்வலை கட்டி டெண்ட்ரோபியம், வாண்டா என்ற ஆர்க்கிட் வகைகளை வளர்க்கிறேன். அக்கம்பக்கத்துப் பிள்ளைகள், “தாத்தா, இதுக்கு எவ்ளோ தண்ணி ஊத்தணும்?” என்று கேட்டுக்கொண்டு வருவார்கள். எவ்வளவு என்ற கேள்விக்கு என்னிடம் பதில் கிடையாது. எப்போது என்று கேட்டால் உண்டு. அந்தப் பதிலைச் சொல்லப்போனால் பேச்சு செடியோடு நிற்பதில்லை. வேலை, கல்யாணம், பிள்ளை வளர்ப்பு என்று நீண்டுவிடுகிறது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

முதலில் வேரைப் பற்றிச் சொல்ல வேண்டும். உலகத்தில் ஏறத்தாழ 28,000 வகை ஆர்க்கிட் இருக்கிறது. அதில் பத்துக்கு ஏழு, மரத்தின் மேல் வாழ்பவை. கிளையைப் பற்றிக்கொண்டு வேரைக் காற்றில் தொங்கவிட்டிருக்கும். மண்ணுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. இதைப் பார்க்க மலைக்குத்தான் போக வேண்டும் என்பதில்லை. தமிழ்நாட்டுச் சமவெளியிலேயே பழைய மாமரத்திலும் புளியமரத்திலும் வாண்டா டெசலேட்டா என்ற வகை ஒட்டி வளர்கிறது. மஞ்சளும் பழுப்புமாகக் கட்டம் போட்ட இதழ், நல்ல வாசனை. புல்லுருவி என்று நினைத்து அதை வெட்டிப் போடுகிறவர்கள் உண்டு. அது பாவம். புல்லுருவி மரத்துக்குள் வேரை இறக்கி அதன் சாற்றை இழுக்கும். ஆர்க்கிட் மரத்திடம் கேட்பது நிற்க ஓர் இடம் மட்டும்தான். மழை பெய்யும்போது குடிக்கும், மழை விட்டதும் காயும். அந்தக் காய்ச்சலும் பாய்ச்சலும் சேர்ந்ததுதான் அதன் பிழைப்பு.

அந்த வேரின் மேல் வேலமன் என்று ஓர் உறை இருக்கிறது. உயிரற்ற செல்களால் ஆனது. காய்ந்திருக்கும்போது செல்களுக்குள் காற்று நிறைந்திருப்பதால் வேர் வெள்ளி நிறமாகத் தெரியும். தண்ணீர் பட்டதும் உறிஞ்சிக்கொள்ளும். உறை தெளிந்து, உள்ளே இருக்கிற பச்சை வெளியே தெரியும். ஒரு மக் தண்ணீரை எடுத்து, தொங்குகிற வாண்டா வேரில் மெதுவாக ஊற்றிப் பாருங்கள். வெள்ளி மேலிருந்து கீழாகப் பச்சையாகிக்கொண்டே போகும். முதலில் திட்டுத்திட்டாக மாறும். சில இடங்களில் தண்ணீர் வழுக்கி ஓடிவிடும், அந்த இடம் வெள்ளையாகவே நிற்கும். அங்கே இன்னொரு தடவை ஊற்ற வேண்டும். நுனிவரைக்கும் பச்சையாகிவிட்டால் மக்கைக் கீழே வைத்துவிடலாம். அதற்கு மேல் ஊற்றுவது தரைக்குத்தான் போகும். மறுபடி வெள்ளி நிறம் வரும்வரை அந்தப் பக்கம் தண்ணீரோடு போகாதீர்கள்.

தொட்டியில் இருக்கும் டெண்ட்ரோபியத்துக்கு உள்ளே இருக்கிற வேர் தெரியாது. அங்கே தொட்டியைத் தூக்கிப் பார்ப்பதுதான் வழி. நனைத்தவுடன் ஒரு தடவை தூக்கி எடையைக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள். லேசாகிவிட்டது என்று கைக்குத் தெரிகிற அன்றைக்கு அடுத்த தண்ணீர். நாலு நாள் தூக்கிப் பார்த்தால் கைக்குப் பழகிவிடும்.

எதிர் பிளாக்கில் இருக்கிற ஒரு பெண், ஆபீஸில் யாரோ பரிசாகக் கொடுத்த ஃபலனாப்சிஸ் ஆர்க்கிட் தொட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். இலை எல்லாம் துவண்டு தோல் சுருங்கிக் கிடந்தது.

“டெய்லி ஊத்துறேன் தாத்தா. அப்பயும் வாடுது. வாடுதேன்னு ராத்திரிக்கும் ஊத்துனேன்.”

“எந்தத் தண்ணிம்மா ஊத்துற?”

“ஆர்.ஓ. மெஷின்ல வெளிய போவுதுல்ல, அதான். வேஸ்ட் பண்ணக் கூடாதுன்னு.”

தொட்டியைக் கவிழ்த்தோம். சொதசொதவென்று பாசி, கூடவே அழுகல் வாடை. ஒரு வேரைப் பிடித்து இழுத்தேன். உறை மட்டும் கையோடு உருவிக்கொண்டு வந்தது. உள்ளே மெல்லிய நரம்பு ஒன்று மிச்சம் நின்றது. நல்ல வேர் விரலுக்குக் கெட்டியாக இருக்கும். இது அழுத்தினால் நசுங்கியது. எத்தனை நல்ல வேர் இருக்கிறது என்று அவளையே எண்ணச் சொன்னேன். ஒன்றும் தேறவில்லை.

நடந்தது இதுதான். வேருக்கும் மூச்சு வேண்டும். ஓயாத ஈரத்தில் காற்றுப் போக வழியில்லாமல் வேர் அழுகியது. அழுகிய வேரால் தண்ணீரை இழுக்க முடியாது. ஆகவே தண்ணீருக்கு நடுவிலேயே நின்றுகொண்டு செடி வாடியது. இதில் கொடுமை என்னவென்றால், வெகுநாள் தண்ணீரே காணாத செடியின் இலையும் அச்சு அசலாக இப்படித்தான் துவளும். பட்டினிக்கும் திணறலுக்கும் மேலே ஒரே அடையாளம். இலையை மட்டும் பார்த்தவள் இன்னும் கொஞ்சம் ஊற்றினாள். அவளிடம் பாசத்துக்குக் குறைவில்லை. வேரைப் பார்க்க வேண்டும் என்று யாரும் அவளுக்குச் சொல்லித்தரவில்லை.

மனிதர்களிடம் இதை நான் எத்தனையோ வீடுகளில் பார்த்திருக்கிறேன். பிளஸ் டூவில் மார்க் குறைந்த பையன் பேச்சைக் குறைத்துக்கொள்வான். அப்பா புத்தி சொல்வார். ஊரிலிருந்து வந்த மாமாவும் புத்தி சொல்வார். ஏற்கனவே இருக்கிற ட்யூஷனோடு இன்னொரு ட்யூஷன் சேரும். சாயங்காலம் முல்லை நகர் மைதானத்துக்குப் பந்து விளையாடப் போவது நிறுத்தப்படும். பந்து உதைத்து ஆளான பிள்ளைகள் நம் ஏரியாவில் எத்தனை பேர்! அந்த ஒரு மணி நேரம்தான் அவனுக்கு மூச்சு விடுகிற இடம். முதலில் அடைபடுவது அதுதான். அவன் இன்னும் வாடுவான், இன்னும் புத்தி சொல்வார்கள். “என்னடா ஆச்சு?” என்று ஒரு தடவை கேட்டுவிட்டு, அவன் வாய் திறக்கும்வரை சும்மா பக்கத்தில் உட்கார்ந்திருக்க ஆள் இருக்காது.

புதிதாகக் கல்யாணமான தம்பிகளே, உங்களுக்கும்தான். மணிக்கொரு தடவை போன் போட்டு எங்கே இருக்கிறாய், யாரோடு பேசினாய், ஏன் எடுக்க லேட்டு என்று கேட்பதை அக்கறை என்று நினைத்துக்கொள்கிறீர்கள். அந்தப் பெண் முகம் சுண்டினால் இன்னும் இரண்டு போன் கூடுகிறது. உங்களுக்கு அவள் மேல் இருக்கிற பிரியத்தை நான் சந்தேகப்படவில்லை. ஆனால் கொடுக்கிறவனின் பதற்றம் தீர்வதற்காகக் கொடுப்பது ஒன்று, வாங்குகிறவளுக்குத் தேவை இருக்கிறதா என்று பார்த்துக் கொடுப்பது ஒன்று.

அதற்காகக் கையைக் கட்டிக்கொண்டு உட்காருவதும் தப்பு. பயந்துபோய் ஸ்பிரேயரால் நாலு துளி தெளித்துவிட்டுப் போகிறவர்களும் செடியைக் கொல்கிறார்கள், கொஞ்சம் மெதுவாக. காய விடுவது எவ்வளவு முக்கியமோ, நனைக்கும்போது முழுக்க நனைப்பதும் அவ்வளவு முக்கியம். தொட்டியின் அடி ஓட்டையில் தண்ணீர் நன்றாக ஓடி வெளியேற வேண்டும். அதோடு பழைய உப்பும் அடித்துக்கொண்டு போகும். பிள்ளையோடு அரை மணி நேரம் உட்கார்ந்தால் போனை அடுத்த அறையில் வைத்துவிட்டு உட்காருங்கள். நாள் முழுக்கத் துளித்துளியாகக் கவனிக்கிற மாதிரி காட்டுவதைவிட அந்த அரை மணி நேரம் பிள்ளைக்குள் இறங்கும்.

இப்போது தண்ணீரின் தரம். ஆர்.ஓ. மெஷினிலிருந்து வெளியேறும் தண்ணீரில், வடிகட்டி ஒதுக்கிய உப்பு முழுக்க இருக்கிறது. பாத்திரம் கழுவலாம், தரை துடைக்கலாம். ஆர்க்கிட்டுக்கு அது விஷம். எங்கள் பக்கத்து போர் தண்ணீரும் உப்புத்தான். தொட்டி விளிம்பில் வெள்ளையாகப் பொருக்குத் தட்டுவதும், புது வேரின் நுனி கருகுவதும் அதன் அடையாளம். மழைத் தண்ணீருக்கு ஈடு கிடையாது. மழைநீர் சேகரிப்பை 2003-ல் எல்லா வீட்டுக்கும் கட்டாயமாக்கினார்கள்; குழாயை வைத்துவிட்டு மறந்துபோன கட்டடங்கள்தான் அதிகம். ஐப்பசி, கார்த்திகையில் மாடிக் குழாயின் வாயில் ஒரு டிரம் வையுங்கள். முதல் மழையைப் பிடிக்காதீர்கள், மாடி அழுக்கும் புகைக்கரியும் கழுவிக்கொண்டு வரும். அடுத்த மழையிலிருந்து பிடித்து, கொசு போகாதபடி துணி கட்டி மூடிவையுங்கள். ஏ.சி.யிலிருந்து சொட்டும் தண்ணீரும் உதவும். காற்றின் ஈரம் குளிர்ந்து வருவது என்பதால் அதில் உப்பு கிடையாது.

மண்ணைத் தொட்டியில் போடவே வேண்டாம். அடுப்புக்கரி, உடைந்த ஓட்டுச் சில்லு, தேங்காய் மட்டைத் துண்டு போதும். கரி நம் பக்கம் இஸ்திரி வண்டிக்காரரிடமே கிடைக்கும். மட்டையை இரண்டு மூன்று நாள் தண்ணீர் மாற்றி மாற்றி ஊறவைத்து உப்பை இறக்கிவிட்டுப் போடுங்கள். இரண்டு வருஷத்தில் மட்டை மக்கிப் பொடியாகிவிடும், பொடி ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அப்போது மாற்றியாக வேண்டும். உரம் என்றால் கடையில் கிடைக்கும் 19:19:19 பொடி, லிட்டருக்கு அரை கிராம், வாரம் ஒரு தடவை. அதிகம் போட்டால் சீக்கிரம் பூக்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

ஊற்றுகிற நேரம் பொதுவாகக் காலைதான்; ராத்திரிக்குள் இலை காய்ந்துவிட வேண்டும். வாண்டா, ஃபலனாப்சிஸ், தடித்த இலை உள்ள டெண்ட்ரோபியம் எல்லாம், வெயிலில் ஈரம் போய்விடக் கூடாது என்று பகலில் இலைத்துளைகளை மூடிக்கொண்டு, இரவில் திறந்து கரியமில வாயுவை உள்ளே எடுத்துச் சேர்த்து வைக்கும். பகல் வெளிச்சத்தில் அதைச் சமைக்கும். நைட் ஷிஃப்ட் பார்க்கிற செடி இது. கேரேஜிலும் துறைமுகத்திலும் நைட் பார்த்துவிட்டு வருகிறவன் பகலில் கதவைச் சாத்திக்கொண்டு தூங்குவதை நம் வீடுகளில் யாரும் சோம்பல் என்று சொல்வதில்லை. இந்தச் செடியையும் அப்படிப் பாருங்கள். பார்க்கிறபோது சும்மா இருப்பதாகத் தோன்றினால் வேலை வேறு நேரத்தில் நடக்கிறது. ராத்திரி இலைக்கு நடுவில் தண்ணீர் தேங்கி நின்றால் குருத்து அழுகும், அதுவும் ஃபலனாப்சிஸுக்கு ஒரே குருத்துதான், அது போனால் செடி போன மாதிரி. தேங்கியிருந்தால் துணி நுனியால் ஒற்றி எடுத்துவிடுங்கள். எருக்கஞ்சேரி ஹை ரோட்டு லாரிப் புகை இலையில் கரியாகப் படியும். வாரத்துக்கொரு தடவை ஈரத்துணியால் துடைத்தால் இலையும் மூச்சு விடும், பூச்சி இருந்தாலும் கண்ணில் படும்.

அக்னி நட்சத்திரத்தில் தொங்கும் வாண்டாவுக்குக் காலையும் மாலையும் தண்ணீர் வேண்டியிருக்கும். அதே வாண்டாவை அடைமழை நாட்களில் கூரைக்கு அடியில் மாற்றிவிட்டு நாலு நாள் கையே வைக்காமல் இருக்க வேண்டியிருக்கும். மார்கழிக் குளிரில் இன்னும் குறைவு. “வாரத்துக்கு ரெண்டு தடவை” என்று அட்டவணை கேட்கிறவர்களுக்கு நான் எழுதிக் கொடுப்பதில்லை. அட்டவணை கையில் இருந்தால் கண் வேலை செய்வதை நிறுத்திவிடுகிறது. தொட்டியில் ஐஸ் கட்டி வைக்கிற வீடியோவை மொபைலில் காட்டினார்கள். அமெரிக்காவில் அப்படிச் சொல்லி ஆர்க்கிட்டை விற்கிறார்கள். அதன் உபயோகம், ஊற்றுகிற கை அளவு மீறாமல் பார்த்துக்கொள்வது. குளிரூட்டிய வீட்டுக்குள் நிற்கிற செடிக்கு அது சரிப்படலாம். நம் மே மாதத்து வாண்டாவுக்கு மூன்று ஐஸ் கட்டி எந்த மூலைக்கு?

எதை வாங்குவது என்பதிலும் பிடிவாதம் வேண்டாம். பூத்த நிலையில் கடையில் மயக்குகிற ஃபலனாப்சிஸ் அடுத்த பூங்கொத்தை எடுக்க, சில வாரங்கள் 26 டிகிரிக்குக் கீழே குளுமை வேண்டும். நமக்கு அது மார்கழி, தையில்தான் கிடைக்கும், அதுவும் இரவில். டெண்ட்ரோபியமும் வாண்டாவும் நம் வெக்கையைத் தாங்கும், புழுக்கத்தை விரும்பும். சிங்கப்பூரில் ஆக்னஸ் ஜோக்கிம் என்ற ஆர்மீனியப் பெண்மணியின் வீட்டுத் தோட்டத்திலிருந்து வந்த வாண்டாவை 1893-ல் தாவரவியலாளர் ரிட்லி பதிவு செய்தார். 1981-ல் அதுவே அந்த நாட்டின் தேசிய மலராயிற்று. முழு வெயில் கேட்கிற செடி அது. ஒரு வீட்டுத் தோட்டத்துச் செடி ஒரு நாட்டுக்கே அடையாளமாகும் என்றால், மொட்டை மாடியைச் சின்ன இடம் என்று நினைக்காதீர்கள்.

காட்டிலிருந்து பெயர்த்து வந்த செடியை யாராவது விற்றால் வாங்காதீர்கள். தமிழ்நாட்டுக்கும் கேரளாவுக்கும் நடுவில் இருக்கும் அகத்தியமலையில் பாஃபியோபெடிலம் ட்ரூரியை என்று ஒரு ஆர்க்கிட் இருக்கிறது. செருப்பு வடிவப் பூ. தென்னிந்தியாவுக்கே உரிய ஒரே செருப்பு ஆர்க்கிட். 1865-ல் ட்ரூரி என்ற வெள்ளைக்கார அதிகாரி கண்டெடுத்தார். அழகைப் பார்த்தவர்கள் பெயர்த்தெடுத்து, பெயர்த்தெடுத்து, அந்த இனமே அழிந்துவிட்டது என்று நினைக்கும் அளவுக்கு ஆக்கிவிட்டார்கள். பிறகு 1970-களில்தான் மறுபடி கண்டுபிடித்தார்கள். எடுத்துப் போனவர்கள் எல்லாரும் ஆர்க்கிட் பிரியர்கள்தான். 1960-ல் பிரான்சின் ஜார்ஜ் மோரெல், குருத்தின் நுனித் திசுவிலிருந்து ஆர்க்கிட்டை ஆய்வுக்கூடத்தில் பெருக்க வழி காட்டினார். அதனால்தான் பணக்காரர் வீட்டுக் கண்ணாடிக் குடிலில் இருந்த செடி இன்று வியாசர்பாடி மாடிக்கு வந்திருக்கிறது. காட்டில் இருப்பதைப் பார்க்க ஆசையாக இருந்தால் ஏற்காட்டில் இந்தியத் தாவரவியல் ஆய்வுத் துறையின் ஆர்க்கிட் தோட்டத்துக்குப் போய் வாருங்கள்.

பார்ப்பது என்றேன் அல்லவா, அதற்கு ஒரு பிள்ளையைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஐஸ்கிரீமில் போடுகிற வனிலா ஓர் ஆர்க்கிட்டின் காய். மெக்சிகோவைத் தாயகமாகக் கொண்ட அந்தக் கொடியை ரீயூனியன் தீவுக்குக் கொண்டுபோய் நட்டார்கள். கொடி வளர்ந்தது, பூத்தது, காய்க்கவில்லை. அங்கே மகரந்தம் சேர்க்கிற பூச்சி இல்லை. 1841-ல் எட்மோன் என்ற பன்னிரண்டு வயது அடிமைச் சிறுவன் வழி கண்டான். தாய் இல்லை, பள்ளிக்கூடம் இல்லை. பூவின் உள்ளே மகரந்தத்துக்கும் சூல்முடிக்கும் நடுவே மறித்து நிற்கிற சின்னத் தோலை ஒரு குச்சியால் தூக்கி, கட்டைவிரலால் அழுத்தி இரண்டையும் ஒட்டவைத்தான். வனிலாப் பூ காலையில் திறந்தால் அன்றைக்கே மூடிவிடும். அந்த நேரத்துக்குள் செய்தாக வேண்டும். ஐரோப்பாவில் அதற்குச் சில வருஷம் முன்பே ஒரு பேராசிரியர் கையால் மகரந்தம் சேர்த்துக் காட்டியிருந்தார், ஆனால் தோட்டத்தில் வேலைக்கு ஆகிற முறை அந்தப் பிள்ளையுடையது. இன்றைக்கும் உலகம் முழுக்க அதைத்தான் செய்கிறார்கள். பொள்ளாச்சிப் பக்கம் வனிலா போட்ட நம் விவசாயிகளும் அதைத்தான் செய்தார்கள்.

அவனுக்கு என்ன கிடைத்தது? 1848-ல் அடிமைமுறை ஒழிந்தபோது விடுதலையும் அல்பியஸ் என்ற குடும்பப் பெயரும். தீவு வனிலாவில் சம்பாதித்தது, அவன் 1880-ல் வறுமையில் செத்தான். கண்டுபிடிப்பு என்னுடையது என்று உரிமை கொண்டாடிய படித்த மனிதரும் இருந்தார். அந்தத் தீவுக்குக் கரும்புத் தோட்டக் கூலிகளாக நம் தமிழ் ஜனங்களும் கப்பலேறிப் போனார்கள். அவர்கள் வம்சம் இன்னும் அங்கே இருக்கிறது. நான் இதை இங்கே இருக்கிற பிள்ளைகளுக்குத் திரும்பத் திரும்பச் சொல்வேன். வியாசர்பாடி என்று முகவரி எழுதினால் ஒரு மாதிரி பார்க்கிறார்கள் என்று நீங்கள் வந்து சொல்லும்போது எனக்கு வலிக்கிறது. ஆனால் உங்கள் கண் உங்களுடையது. ஒரு பூவை மற்றவர்களைவிட அதிக நேரம் பொறுமையாகப் பார்த்த பிள்ளைதான் அதைச் செய்தான். அவனுக்கு மறுக்கப்பட்ட கூலியும் பெயரும் உங்களுக்கு மறுக்கப்படாமல் இருக்க, செய்கிற வேலையில் உங்கள் பெயர் எழுதப்படுகிறதா என்றும் சேர்த்துப் பார்த்துக்கொள்ளுங்கள். இது பேராசை கிடையாது. படித்தவர்களாக நீங்கள் அதைக் கேட்டு வாங்க வேண்டும்.

எதிர் பிளாக் பெண்ணின் ஃபலனாப்சிஸை, அழுகியதை எல்லாம் வெட்டி, ஒரு நாள் காயவிட்டு, கரியும் ஓட்டுச் சில்லும் போட்டு நிழலில் வைத்தோம். புது வேர் விட்டிருக்கிறது, நுனி பச்சையாக இருக்கிறது. இன்னும் பூக்கவில்லை. அவள் அவசரப்படவும் இல்லை.

டெண்ட்ரோபியத்தின் பழைய தண்டில் இப்போது கன்றுகள் பிடித்திருக்கின்றன. கன்றின் வேர் விரல் நீளத்துக்கு வந்ததும் பிரித்துத் தரலாம். வேண்டுமென்கிறவர்கள் ஞாயிற்றுக்கிழமை காலையில் மாடிக்கு வாருங்கள். ஓட்டை உள்ள தொட்டியும் ஒரு பை கரியும் உங்கள் கையோடு கொண்டுவர வேண்டும். கன்றை வாங்கிக்கொண்டு போய் முதல் ஒரு மாதம் நோட்டில் எழுதுங்கள்: எந்தக் காலையில் நனைத்தீர்கள், எந்தக் காலையில் தொட்டி மறுபடி லேசானது. அந்த நோட்டைக் கொண்டுவந்து காட்டினால் அடுத்தது வாண்டா தருகிறேன்.